இன்ஜின் எப்படி நின்றது?

1959 ஜனவரியில் நியூயார்க் படகுக் கண்காட்சியில் ஒன்றுவிட்ட சகோதரர்களான இரு பியர்சன்கள் தங்கள் 'ட்ரைட்டன்' படகைக் காட்சிக்கு வைத்தார்கள். கார்ல் ஆல்பர்க் வடிவமைத்த 28 அடிப் பாய்மரப் படகு அது. உடல் முழுவதும் கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்து வார்க்கப்பட்டது. மரப்படகு உளுத்துப்போகும், கப்பற்புழு துளைக்கும், பலகை இடுக்குகளை அடிக்கடி அடைக்க வேண்டியிருக்கும். கண்ணாடி இழைக்கு அந்த நோய்கள் இல்லை. அடுத்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் அமெரிக்கப் பட்டறைகள் இதே முறையில் ஆயிரக்கணக்கான படகுகளை வார்த்துத் தள்ளின. ஐம்பது வயதைக் கடந்தவை பல இன்றும் மிதக்கின்றன.

உடல் நிலைத்தது. வயிற்றுக்குள் இருந்த இன்ஜின்தான் நிலைக்கவில்லை. அந்தத் தலைமுறைப் படகுகளில் பெரும்பாலும் இருந்தது 'அடாமிக் 4' என்ற நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். விஸ்கான்சின் மாநிலத்தின் ஆஷ்காஷ் நகரில் யுனிவர்சல் நிறுவனம் 1947 முதல் 1980-களின் நடுப்பகுதிவரை சுமார் 40,000 இன்ஜின்களைச் செய்தது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடிப்பள்ளத்தில் தேங்கி நின்று, ஒரு பொறிக்குக் காத்திருக்கும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் குறைந்தது நான்கு நிமிடம் காற்றூதியை ஓடவிட வேண்டும் என்று பெட்ரோல் படகுகளில் எச்சரிக்கை ஒட்டியிருப்பது அதனால்தான். பிற்பாடு பலர் அந்தப் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசலுக்கு மாறினார்கள். 1980-களில் வந்த புதுப்படகுகள் பலவற்றிலும் யான்மார் 2ஜிஎம்20 போன்ற சிறு டீசல் இன்ஜின்களே இருந்தன: இரண்டு சிலிண்டர், 18 குதிரைத்திறன்.

இப்படிப்பட்ட படகை இன்று குறைந்த விலைக்கு வாங்கிவிடலாம். வாங்கிய இடத்திலிருந்து வீட்டுக்கு ஓட்டிவருவதுதான் பெரிய வேலை. அந்தப் பயணத்தில் இன்ஜின் மக்கர் செய்வது சகஜம். வாங்கியவர் அதைத் தன் கெட்ட நேரம் என்று எடுத்துக்கொள்வார். நேரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பல மாதம், சில சமயம் பல ஆண்டு, கட்டிய இடத்திலேயே அசையாமல் கிடந்த படகு அது. விற்பவர் துறையில் பத்து நிமிடம் ஓட்டிக்காட்டுவார். கியர் போடாமல், சுமை இல்லாமல். அந்தப் பத்து நிமிடத்தில் டாங்கியின் அடியில் இருக்கும் சேறு கலங்காது. குளிர்விக்கும் நீர் எங்கே தடைபடுகிறது என்று தெரியாது. கயிறுகளைக் கட்டியபடியே கியரைப் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்காத இன்ஜினைப் பரிசோதித்த இன்ஜின் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஒரு வழித்தடத்தை வைத்துப் பார்த்தால் இது விளங்கும். மேரிலாந்தின் செசபீக் விரிகுடாவில் வாங்கிய படகை நியூயார்க் பக்கம் கொண்டுபோக வேண்டும். விரிகுடாவின் வடமுனையில் செசபீக்–டெலவேர் கால்வாய் இருக்கிறது. 1829-ல் நீர்க்கதவுகளோடு திறக்கப்பட்டு, 1927-ல் கதவுகள் நீக்கப்பட்டு கடல்மட்டத்துக்கு ஆழப்படுத்தப்பட்டது. நீளம் சுமார் 22 கிலோமீட்டர். பெரிய சரக்குக் கப்பல்கள் போகும் வழி என்பதால் பாயை மட்டும் நம்பி அதைக் கடக்க அனுமதியில்லை. இன்ஜின் ஓடியே ஆகவேண்டும். கால்வாய்க்குள் அலை இல்லை. படகு ஆடாது, இன்ஜினும் சீராக ஓடும். ஓட்டுபவருக்கு நம்பிக்கை வந்துவிடும். கால்வாய் முடிந்ததும் டெலவேர் ஆறு, அதையடுத்து டெலவேர் விரிகுடா. அங்கிருந்து கேப் மே துறைமுகம்வரை சுமார் 50 கடல் மைல்; நடுவில் ஒதுங்க இடம் மிகக் குறைவு. ஆழமில்லாத அந்த விரிகுடாவில் வற்றோதம் தெற்கே ஓடும்போது தெற்கிலிருந்து காற்று எதிர்த்தால், குட்டையான செங்குத்து அலைகள் எழும்பும். படகு குதிக்கும். காலையிலிருந்து ஒழுங்காக ஓடிய இன்ஜின் அங்கேதான் நிற்கும்.

நின்றவுடன் செய்யவேண்டியது இன்ஜின் பெட்டியைத் திறப்பது அல்ல. பாயை ஏற்ற வேண்டும், அல்லது நங்கூரத்தைப் போட வேண்டும். கப்பல் போகும் தடத்திலிருந்து விலகிய பிறகு யோசிக்கலாம். பாய்மரப் படகுக்கு இருக்கும் பெரிய கொடுப்பினை, இன்ஜின் போனாலும் அதற்கு இன்னொரு வழி இருப்பது.

அதன்பின் கேட்கவேண்டிய முதல் கேள்வி, எப்படி நின்றது என்பது. ஏறி இறங்கி, மூச்சு வாங்கி, வேகம் குறைந்து, மீண்டும் கொஞ்சம் எழும்பி நின்றதா? சுவிட்சை அணைத்த மாதிரி சட்டென்று நின்றதா? ஓடிக்கொண்டே சூடேறி, எச்சரிக்கை மணி அடித்ததால் நாமே நிறுத்தினோமா? அல்லது நிறுத்திவிட்டுத் திரும்ப எடுக்கும்போது எடுக்கவே மாட்டேன் என்கிறதா? இந்த நான்கு விடைகளும் நான்கு வெவ்வேறு இடங்களைக் காட்டும். கேள்வியைக் கேட்காமல் ஸ்பானரை எடுப்பவர், நன்றாக இருந்த இணைப்புகளையும் தளர்த்திவிட்டு, ஒரு கோளாறை மூன்றாக்கிவிடுவார்.

டீசல் இன்ஜினுக்குத் தேவை மிகக் கொஞ்சம். பெட்ரோல் இன்ஜினில் உள்ள பொறிச்செருகி இதில் கிடையாது. 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக்காட்டிய இன்ஜினின் தத்துவமே இன்றும். காற்றை இருபதில் ஒரு பங்காக அழுத்தினால் அதன் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டுக்குள் டீசலைப் பனித்தூறலாகப் பீய்ச்சினால் தானே தீப்பற்றும். பழைய படகு இன்ஜின்களில் பெரும்பாலானவை ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் மின்சாரத்தையே கேட்பதில்லை. பேட்டரியைக் கழற்றினாலும் ஓடும். சுத்தமான டீசல், காற்று, போதிய அழுத்தம், குளிர்விக்க நீர் ஆகியவை போதும். பழைய படகின் கோளாறு பெரும்பாலும் இன்ஜினின் இரும்புக்குள் இருப்பதில்லை. அதற்குள் போகும் வழியிலோ வெளியே வரும் வழியிலோதான் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு ஓட்டத்தையும் அதன் தொடக்கத்திலிருந்து பின்தொடர்ந்து போனால் அடைப்பு அகப்படும்.

மூச்சு வாங்கி நின்றால் எரிபொருள்தான். பாதி நிரம்பிய டாங்கியில் மேலே இருக்கும் காற்று இரவில் குளிரும்போது ஈரம் சுவரில் வியர்த்து வழியும். நீர் டீசலைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கும். மேலே எரிபொருள், கீழே நீர். இரண்டும் தொடும் அந்தப் பரப்பில் ஓர் உயிருலகமே உருவாகிறது. ஹார்மோகோனிஸ் ரெசினே என்ற பூஞ்சைக்கு டீசலின் ஹைட்ரோகார்பன்களே உணவு. நீருக்குள் வாழ்ந்துகொண்டு எண்ணெயைத் தின்னும். பாக்டீரியாக்களும் கூடவே வளரும். விமான எரிபொருள் டாங்கிகளிலும் இதே பூஞ்சை தொல்லை கொடுத்திருக்கிறது. கருத்த, வழவழப்பான படலமாக அது டாங்கியின் அடியிலும் சுவரிலும் படிந்துகிடக்கும். துறையில் கட்டிக்கிடந்த காலமெல்லாம் அது யாருக்கும் தொந்தரவு தரவில்லை. டெலவேர் விரிகுடாவின் அலை டாங்கியைக் குலுக்கும்போது படலம் பிய்ந்து, டீசலில் கலந்து, உறிஞ்சுகுழாய்க்கு வந்து சேரும்.

வழியில் முதலில் நிற்பது முதன்மை ஃபில்டர். அதில் 30, 10, 2 மைக்ரான் எனப் பல அளவுகள் உண்டு. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். சேறு அங்கே படியப் படிய பம்பு இழுக்கத் திணறும். சும்மா ஓட்டத்துக்கு இன்ஜின் கேட்கும் டீசல் சொற்பம், அது கிடைத்துவிடும். வேகத்தைக் கூட்டினால் தேவை கூடும், கிடைக்காது. வேகம் குறைத்தால் ஓடுகிறது, கூட்டினால் சாகிறது என்றால் ஃபில்டரைத் தவிர வேறெதையும் முதலில் சந்தேகிக்க வேண்டாம். சிறிது நேரம் நிறுத்திவைத்தால் உறிஞ்சல் இல்லாமல் சேறு கொஞ்சம் தளர்ந்து விழும். மறுபடியும் இன்ஜின் எடுக்கும். கால் மணி நேரத்தில் மறுபடியும் நிற்கும். "தானாகச் சரியாகிவிட்டது" என்று பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே ஒரு வெற்றிட அளவி பொருத்தியிருந்தால், அடைப்பு தொடங்கும்போதே முள் நகர்ந்து சொல்லிவிடும். பழைய படகுக்குச் செய்யும் செலவுகளில் இதைவிடப் பயனுள்ளது குறைவு.

ஃபில்டரை மாற்றியதும் வேலை முடிவதில்லை. மாற்றும்போது காற்று உள்ளே போயிருக்கும். நம் ஊர் டீசல் பம்புசெட்டை ஓட்டிப் பழகியவர்கள் "ஏர் பிடிச்சுக்கிச்சு" என்பார்களே, அந்தக் கோளாறு இங்கும் அச்சாக உண்டு. காரணம் எளிய இயற்பியல். யான்மார் மாதிரி இன்ஜின்களில் டீசல் ஏறத்தாழ 170 வளிமண்டல அழுத்தத்தை எட்டினால்தான் இன்ஜெக்டரின் ஊசி திறக்கும். முழுச் சுமையில்கூட ஒரு சிலிண்டருக்கு ஒரு தடவை போகும் டீசல் சுமார் 20 கன மில்லிமீட்டர். ஒரு நீர்த்துளியில் பாதிகூட இல்லை. திரவம் அழுத்தத்துக்கு அநேகமாகச் சுருங்காது. காற்று சுருங்கும். அந்தச் சின்ன அளவுக்குள் ஒரு குமிழி புகுந்துவிட்டால், பம்பின் தண்டு தள்ளுகிற உழைப்பு முழுவதும் குமிழியைச் சுருக்குவதிலேயே கழிந்துபோகும். ஊசி திறக்கவே திறக்காது. பம்பு நன்றாக இருக்கும், இன்ஜெக்டரும் நன்றாக இருக்கும், ஆனால் ஒரு துளி டீசல் உள்ளே போகாது.

காற்றை வெளியேற்றுவது வரிசையாகச் செய்யவேண்டிய வேலை. இன்ஜின் மேலுள்ள இரண்டாம் ஃபில்டரின் திருகைத் தளர்த்தி, கைப்பம்பின் நெம்பை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். நுரை வரும், குமிழி வரும், கடைசியில் தெளிந்த டீசல் வரும். திருகை இறுக்கிவிட்டு அடுத்து உயரழுத்தப் பம்பின் திருகு. அதன்பின் இன்ஜெக்டருக்குப் போகும் குழாய்களின் நட்டை அரைச்சுற்றுத் தளர்த்தி இன்ஜினைச் சுற்ற வேண்டும். டீசல் எட்டிப்பார்த்ததும் இறுக்க வேண்டும். சிலர் நெம்பை அழுத்துவார்கள், அது தொளதொளவென்று ஆடும், ஒன்றுமே வராது. பம்பு போய்விட்டது என்று முடிவு கட்டுவார்கள். பம்பை இயக்கும் கேம் தன் உச்சியில் நின்றுவிட்டால் நெம்புக்கு இழுக்க இடமே இருக்காது. இன்ஜினை ஒரு சுற்று திருப்பிவிட்டால் நெம்பு உயிர்பெறும்.

இவ்வளவும் செய்த பின்னும் காற்று திரும்பத் திரும்ப வந்தால், எங்கோ ஓட்டை. டாங்கிக்கும் பம்புக்கும் இடையிலான குழாய் உறிஞ்சலில் இருப்பது; அதனுள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. ஆகவே அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே நுழையும். கண்ணுக்குத் தெரியாத கசிவு. துடைத்துப் பார்த்தாலும் காய்ந்தே இருக்கும். ஒவ்வொரு இணைப்பையும் சந்தேகித்து நாளெல்லாம் தேடுவதைவிட நல்ல சோதனை ஒன்று உண்டு. ஒரு கேனில் சுத்தமான டீசலை ஊற்றி, இன்ஜினைவிட உயரத்தில் கட்டிவைத்து, அதிலிருந்து நேராக ஒரு குழாயைப் பம்புக்குக் கொடுக்க வேண்டும். இன்ஜின் நிம்மதியாக ஓடினால் கோளாறு டாங்கி, பழைய குழாய், முதன்மை ஃபில்டர் மூன்றில் ஒன்றில். அப்போதும் நின்றால் பம்பிலிருந்து இன்ஜின் பக்கம். அவசரத்துக்கு அந்தக் கேனை வைத்தே துறைமுகம்வரை போயும் சேரலாம்.

சட்டென்று நின்றது என்றால் யோசனை வேறு. செசபீக் விரிகுடா நீல நண்டுக்குப் பேர்போனது. நண்டுப் பொறிகளின் மிதவைகள் எங்கு பார்த்தாலும் மிதக்கும். அவற்றின் கயிறு புரொப்பெல்லரில் சுற்றிக்கொண்டால் இன்ஜின் ஒரு அடியோடு நின்றுவிடும். கியரை நடுநிலைக்குக் கொண்டுவந்து ஸ்டார்ட் செய்தால் எடுக்கும், கியர் போட்டதும் நிற்கும். சோதனை அவ்வளவுதான். நின்றபின் எடுக்காவிட்டால் பார்க்கவேண்டிய இன்னொன்று, இன்ஜினை அணைக்கும் கம்பி. இந்த டீசல்களைச் சாவியால் அணைப்பதில்லை. ஒரு கைப்பிடியை இழுத்து எரிபொருளை வெட்டுவார்கள். அதை இழுத்தபடியே விட்டுவிட்டுப் பேட்டரி தீரும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்றுவது படகு உலகில் அடிக்கடி நடப்பது.

எடுக்கவே மாட்டேன் என்கிற இன்ஜினுக்கு வருவோம். பொத்தானை அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம், அல்லது சோம்பலான ஒரு சுற்று. பேட்டரி செத்துவிட்டது என்று புதிது வாங்குவதற்கு முன் ஓம் விதியை நினைத்துக்கொள்ள வேண்டும். ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பி முனையில் பச்சைக் களிம்பு ஏறி நூற்றில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தால்கூட, அந்த ஓர் இணைப்பிலேயே 2 வோல்ட் காணாமல் போகும். 12 வோல்ட்டில் இரண்டு போனால் மிச்சம் பத்து. இப்படி இரண்டு மூன்று இணைப்புகள் சேர்ந்தால் ஸ்டார்ட்டருக்குப் போதிய வோல்ட் மிஞ்சாது. மல்டிமீட்டரின் இரு முனைகளையும் ஒரே இணைப்பின் இரு பக்கங்களிலும் வைத்துக்கொண்டு, இன்னொருவரைப் பொத்தானை அழுத்தச் சொல்ல வேண்டும். நல்ல இணைப்பு என்றால் மீட்டர் சுழியை ஒட்டியே நிற்கும். ஒரு வோல்ட் காட்டினால் திருடன் அங்கேதான்.

மெதுவாகச் சுற்றினால் என்ன, எப்படியாவது சுற்றுகிறதே என்று விட முடியாது. சுற்று மெதுவானால், அழுத்தப்பட்ட காற்றின் சூடு குளிர்ந்த சிலிண்டர் சுவருக்கு ஓடிவிடும், காற்றும் வளையங்களைத் தாண்டிக் கசியும். டீசல் பற்றும் சூடு வராது. பின்னால் வெள்ளைப்புகை மட்டும் வரும். அது எரியாத டீசல். இதற்காகவே பல சிறு டீசல்களில் அழுத்தம் விடுவிக்கும் நெம்பு ஒன்று சிலிண்டர் தலையில் உண்டு. அதைத் தூக்கினால் வால்வு திறந்தபடியே நிற்கும், இன்ஜின் எதிர்ப்பில்லாமல் வேகமாகச் சுற்றும். சக்கரம் வேகம் பிடித்ததும் நெம்பைத் தட்டிவிட்டால் அந்த வேகமே ஓர் அழுத்தத்தைக் கடத்திவிடும்.

ஆனால் விடாமல் ஸ்டார்ட்டரைச் சுற்றுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. பாய்மரப் படகின் இன்ஜின் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும். குளிர்வித்து முடித்த கடல்நீரைச் சூடான புகையோடு கலந்து, ஒரு பெட்டியில் சேர்த்து, புகையின் அழுத்தத்தாலேயே வெளியே துப்பவைக்கிறார்கள். இன்ஜின் பற்றாமல் வெறுமனே சுற்றும்போதும் நீர்ப்பம்பு சுற்றும், நீர் வந்துகொண்டே இருக்கும், தள்ளிவிடப் புகை இருக்காது. பெட்டி நிரம்பும்; நீர் பின்னோக்கி ஏறும்; திறந்திருக்கும் வால்வு வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கும். நீர் சுருங்காது. பிஸ்டன் அதை முட்டினால் வளைவது இணைப்புத்தண்டு. எனவே சில முயற்சிகளில் எடுக்கவில்லையென்றால் கடல்நீர் வால்வை மூடிவிட்டே மேற்கொண்டு முயல வேண்டும், பற்றிய உடனே திறக்க வேண்டும். ஒரு நல்ல இன்ஜினைக் கொல்ல இதைவிட விரைவான வழி எனக்குத் தெரியாது. ஆகையால் இதை மட்டும் இன்ஜின் பெட்டி மூடியில் எழுதியே ஒட்டிவிடலாம்.

சூடேறுவது நீரின் கதை. நீர்ப்பம்பின் உள்ளே ரப்பர் இதழ்கள் கொண்ட இம்பெல்லர். ஆண்டுக்கணக்கில் ஒரே நிலையில் மடங்கிக் கிடந்த இதழ்கள் வளைந்தபடியே இறுகிப்போகும், ஓடத் தொடங்கியதும் ஒடியும். ஒடிந்த துண்டு காணாமல் போவதில்லை, நீரோடு போய் வெப்பமாற்றியின் வாயில் அடைத்து நிற்கும். புது இம்பெல்லர் போட்டும் சூடு குறையவில்லை என்றால், பழையதில் எத்தனை இதழ் குறைகிறது என்று எண்ணி, அத்தனை துண்டுகளையும் தேடி எடுக்க வேண்டும். நேராகக் கடல்நீரையே உள்ளே சுற்றவிடும் பழைய இன்ஜின்களில் இன்னொரு சங்கடம். கால்சியம் சல்ஃபேட் போன்ற உப்புகள் மற்றவற்றைப் போலன்றிச் சூடு கூடக் கூடக் குறைவாகவே கரையும். சூடான சுவரில் கல்லாகப் படியும். அதனால்தான் அந்த இன்ஜின்களின் தெர்மோஸ்டாட்டை நன்னீர் சுற்றும் இன்ஜின்களைவிடக் குறைந்த சூட்டில் திறக்கும்படி வைக்கிறார்கள். இதை அறியாமல் அதிக சூட்டுக்கான தெர்மோஸ்டாட்டை மாட்டியவரின் இன்ஜின் உள்ளே மெல்ல அடைபடும்.

நீரும் புகையும் கலக்கும் முழங்கைக் குழாயைத் தனியே சொல்ல வேண்டும். உப்பும் கரியும் அங்கே சேர்ந்து படிந்து, துவாரம் ஒரு பென்சில் நுழையும் அளவுக்குச் சுருங்கிவிடும். வெளியே மூச்சு விட முடியாத இன்ஜின் உள்ளேயும் மூச்சு இழுக்காது. வேகம் ஏறாது, கரும்புகை வரும். கொட்டலசு அப்பிய புரொப்பெல்லரும் இதே அறிகுறிகளைக் காட்டும் என்பதால் இரண்டையும் பார்க்க வேண்டும். நீலப்புகை என்றால் மசகு எண்ணெய் எரிகிறது; பழைய இன்ஜினில் கொஞ்சம் இருந்தால் வீடு போய்ச் சேரலாம். அளவுகோலில் எண்ணெய் பால்நிறமாகத் தெரிந்தால் நீர் கலந்திருக்கிறது, அங்கேயே நிறுத்த வேண்டும்.

கேப் மேயை அடைந்தவுடன் பயணத்தைத் தொடர்வதா என்று முடிவெடுக்க வேண்டும். அங்கே விரிகுடாவையும் துறைமுகத்தையும் இணைக்கும் கால்வாய், இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகளிடமிருந்து கப்பல்களைக் காக்க வெட்டப்பட்டது. அதற்கு அப்பால் நியூஜெர்சிக் கரை, சாண்டி ஹூக்வரை 100 கடல் மைலுக்கு மேல். கழற்றிய ஃபில்டரை வெட்டிப் பிரித்துப் பார்த்தால் டாங்கியின் நிலை தெரியும். கருத்த வழவழப்பு அப்பியிருந்தால், மாற்று ஃபில்டர்களை நம்பிக் கிளம்புவதைவிட டாங்கியைத் திறந்து சுத்தம் செய்துவிட்டுப் போவதே மேல்; இரண்டு நாள் தாமதம் ஒரு பொருட்டில்லை.

அந்தக் கரையில் ஒதுங்க அட்லாண்டிக் சிட்டி, பார்னகட், மனாஸ்குவான் எனச் சில முகத்துவாரங்களே உண்டு. வற்றோதம் வெளியே ஓடுகையில் கடற்காற்று எதிர்த்தால் வாயிலிலேயே அலை உடையும், இருபுறமும் கற்சுவர். அங்கே இன்ஜின் நின்றால் கோளாறு தேட நேரம் இருக்காது. ஆழமான வெளிக்கடலில் இருக்கும்போதே புது ஃபில்டருக்கு மாறி, பின்னால் நீர் துப்புகிறதா என்று பார்த்து, துறைக்குள் தேவைப்படுவதைவிட அதிக வேகத்தில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்க வேண்டும். எரிபொருள் வழியில் குறையிருந்தால் அந்த வேகத்தில் வெளிப்பட்டுவிடும். பெரிய பாயை ஏற்றியபடியே, நங்கூரத்தைக் கட்டவிழ்த்துத் தயாராக வைத்துக்கொண்டு, அதன்பிறகு உள்ளே திரும்பலாம்.